காரியங்கள் அனைத்தும்

திருவேங்கடத்தின் இருமல் தமயந்திக்கு வந்து சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை, பவர் பத்திரம் பதிவாகி முக்கால் மணி நேரம் கழித்து. சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து பெரியப்பாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வரும் வழியில், இருமுவதற்காக அவர் வாயைத் திறந்தார். இருமல் அவள் தொண்டையிலிருந்து வந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். வீடு வரும்வரை அவருக்காக அவள் இருமிக்கொண்டே வந்தாள்.

பவர் எழுதியது வங்கிக்காகத்தான். திருவேங்கடம் முப்பத்தாறு வருஷம் சர்வேயராக ஊர் ஊராக நிலம் அளந்தவர். கல்யாணம் காட்சி எதுவும் கிடையாது. தம்பி சண்முகவேல் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்த பிறகு, தம்பி மகள் தமயந்தியைப் படிக்கவைத்தார். இப்போது எண்பத்து மூன்று வயதில் அவள் வீட்டில்தான் இருந்தார். கை நடுக்கத்தில் அவருடைய கையெழுத்து மாதத்துக்கு ஒரு ஆளுடையதாக மாறிக்கொண்டிருந்தது. வங்கியில் மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். "யாராவது ஒருத்தருக்குப் பவர் எழுதிக் குடுத்துடுங்க சார்" என்றாள் கவுன்ட்டர் அம்மா. யாராவது ஒருத்தர் என்றால் தமயந்திதான், அவருக்கு வேறு யாரும் இல்லை.

மறுநாள் அவள் வங்கிக்குப் போய்ப் படிவத்தில் பேனாவை வைத்தாள். பெரியப்பாவின் கையெழுத்து தானாக இறங்கியது. நடுக்கம் வருவதற்கு முந்தைய கையெழுத்து, 'ட'வின் மூலை செங்குத்தாக நின்றது. கவுன்ட்டர் அம்மா பழைய அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"சரியா இருக்கு சார்" என்றாள்.

தமயந்தி தலையாட்டிவிட்டு, பென்ஷனை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனாள்.

இருமலோடு நின்றிருந்தால் அவள் பொறுத்துப் போயிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவருடைய பசியும் வந்தது. இரண்டு பேருக்குச் சமைத்து இரண்டு பேர் சாப்பாட்டையும் அவளே சாப்பிட்டாள். திங்கட்கிழமை அவருடைய முட்டி வலி. செவ்வாய்க்கிழமை அவருடைய மதியத் தூக்கம், பேருந்து நிலையத்துக்கு எதிரே அவள் நடத்தும் ஜெராக்ஸ் கடையிலேயே வந்து அவளை அமுக்கியது. அந்தத் தூக்கத்துக்குள் அவருடைய கனவும் இருந்தது. காய்ந்த ஏரிக்குள் அளவுச் சங்கிலி ஒன்று தானாக நகர்ந்து போனது. ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்தவர், கனவு முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்து எடுத்துக்கொண்டு போனார்.

பெரியப்பா ஜன்னலோர பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கண் இமைப்பதுகூட அவளிடம் போய்விட்டது. அந்த இரண்டு கண்களும் மூடாமல் தெருவைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அவளுக்கு முதுகில் சில்லிட்டது. அதைச் சொல்வதற்கு வெட்கமாகவும் இருந்தது. வளர்த்தவரைப் பார்த்துப் பயப்படுகிறோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

பத்திரம் எழுதிய உமாபதி, பதிவு அலுவலக வாசலில் புங்க மரத்தடியில் மேஜை போட்டிருப்பவர். தமயந்தி கொண்டுபோய் நீட்டியதும், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பத்திரத்தைப் படித்தார்.

"'என் காரியங்கள் அனைத்தையும் நானே நேரில் இருந்து செய்வதுபோல் என் முகவர் செய்ய வேண்டியது'ன்னு இருக்கு. 'வங்கிக் காரியங்கள்'னு போட்டிருக்கணும். வங்கி விட்டுப்போச்சு. வரியில இடம் பத்தலம்மா."

"ரத்து பண்ணிடலாமாண்ணே?"

"பண்ணலாமே. கொடுத்தவர் கையெழுத்துப் போடணும்."

"அவர் கையெழுத்து என்கிட்டல்ல இருக்கு."

"அப்ப முடியாது. உங்களுக்குக் குடுத்ததை நீங்களே ரத்து பண்ணிக்க முடியுமா? ஆயிரம் பவருக்கு நகல் எடுத்துக் குடுத்திருக்கீங்க, ஒண்ணையாவது படிச்சிருக்கக் கூடாதா?"

அது நியாயமான கேள்விதான். அவள் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த மாதக் கடைசியில் டாக்டர் வீட்டுக்கு வந்தார். பெரியப்பாவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பவர் யாரிடம் என்று விசாரித்துக்கொண்டு, அதைத் தமயந்தியின் நெஞ்சில் வைத்தார். அவளுடைய துடிப்புக்கு அடியில் மெதுவாக, தப்பித் தப்பி இன்னொன்று துடித்தது.

"பெரியவருக்கு இன்னும் பதினஞ்சு நாள்" என்று அவளிடம் சொன்னார். "அதுவும் உங்ககிட்டதான் இருக்கு. பார்த்து முடிச்சுக் குடுங்க."

எங்கள் பக்கத்தில் காரியம் என்றால் இரண்டும்தான். வங்கிக்குப் போய்வருவதும் காரியம், ஒருவர் செத்தபின் நடப்பதும் காரியம். நடுவில் இருக்கிற சாவை மட்டும் தனியாக எடுத்து வைக்க உமாபதியின் பத்திரத்தில் வழியில்லை. தமயந்திக்கு வயது நாற்பத்தாறு. சாக வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மறுபடியும் புங்க மரத்தடிக்குப் போனாள்.

"செஞ்சா நான் திரும்பி வந்துடுவேனாண்ணே?"

"முகவர்தானே நீங்க. காரியம் முடிஞ்சா வந்துடலாம்" என்றார் உமாபதி. கொஞ்சம் யோசித்து, "வராமப் போனவங்களும் உண்டு. அதைப் பத்தி பத்திரத்துல ஒண்ணும் எழுதறதில்ல" என்றார்.

பதினைந்து நாளும் போயிற்று. அவள் செய்யவில்லை. ஒருநாள் அஷ்டமி என்றாள். ஒருநாள் கடையில் டோனர் தீர்ந்துவிட்டது என்றாள். ஒருநாள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். பெரியப்பா நாற்காலியிலேயே இருந்தார். அவர்மேல் ஜன்னல் தூசி படிந்தது. அவள் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

"தமயந்தி, அந்தக் காரியத்தையும் முடிச்சுக் குடுத்துடேன்" என்றார் ஒருநாள் காலையில்.

"பயமா இருக்கு பெரியப்பா."

"எனக்கும் பயமாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். அதுவும் உன்கிட்டயே வந்துடுச்சு போலிருக்கு."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் சுமந்துகொண்டிருந்த பயத்தில் பாதி அவருடையது. அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. கேட்காமல் இருந்ததுதான் அவளைப் பிடுங்கித் தின்றது. பள்ளிக்கூடத்தில் பணம் கட்டச் சொன்னபோதெல்லாம் ஏன் எதற்கு என்று கேட்காமல் எழுந்து சட்டை போட்டுக்கொண்ட மனிதர் அவர்.

புதன்கிழமை காலை கடை ஷட்டரில் 'மதியம் திறக்கப்படும்' என்று ஒட்டிவிட்டு வந்தாள். குளித்தாள். கூடத்தில் பாயை விரித்து, தெற்கே தலை வைத்துப் படுத்தாள். பெரியப்பா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

பத்தரைக்கு ஆரம்பித்தது. முதலில் பாதங்கள் அவளுடையவை இல்லாமல் போயின. பிறகு முட்டி. அவர் அளந்த நிலங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. அவற்றின் எல்லைக் கற்களை யாரோ ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போனார்கள். கடைசிக் கல்லும் போனபின் எது எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அங்கே ஒரு குரல், அலுப்போடு, "திருவேங்கடம்" என்று கூப்பிட்டது. தமயந்திக்கு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஓடவில்லை. "வந்திருக்கேன்" என்று அவர் குரலில் சொன்னாள். குரல் ஏதோ குறித்துக்கொண்டது.

பன்னிரண்டேகாலுக்குக் கண்ணைத் திறந்தாள். கொடுத்தவர் இறந்தால் பவர் தானாக முடிந்துவிடும், அதனால் பசி, வலி, தூக்கம் எல்லாம் அவரிடம் திரும்பிப் போயிருந்தன. பெரியப்பாவின் கண்கள் இமைத்தன. அவற்றில் தண்ணீர் நின்றது.

"வலிச்சுதாம்மா?"

"முட்டிதான் கொஞ்சம்."

அவருக்கு ரசம் சாதம் பிசைந்து கொடுத்தாள். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இறப்புச் சான்றிதழ் ஒரு வாரத்தில் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு கணக்கை முடிக்க வங்கிக்குப் போனாள். கவுன்ட்டர் அம்மா சான்றிதழைத் திருப்பித் தள்ளினாள்.

"பவர் முடிஞ்சுபோச்சு மேடம். இனிமே உங்களால ஒண்ணும் செய்ய முடியாது. இறந்தவர் நேர்ல வரணும்."

மறுநாள் பெரியப்பாவை அழைத்துப் போனாள். பதினொன்றாம் எண் டோக்கன் கிடைத்தது. கவுன்ட்டர் அம்மா கொடுத்த படிவத்தில், நடுங்கும் கையால், நிறுத்தி நிறுத்தி எழுதினார். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயர். வாரிசு என்ற இடத்தில் தமயந்தி. இறந்தவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, மகள் என்று எழுதினார்.

"தம்பி பொண்ணுன்னுதானே சார் பவர்ல இருந்தது?"

"என் சாவை அவதாம்மா செத்தா" என்றார் திருவேங்கடம். "வேற என்ன சான்று கொண்டுவரணும், சொல்லு."

கவுன்ட்டர் அம்மா மேலாளர் அறைக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள். முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினாள்.

"இறந்தவங்க பின்வழியாப் போகணும் சார்" என்று லாக்கர் அறைக்குப் பக்கத்துக் கதவைக் காட்டினாள்.

பெரியப்பா எழுந்தார். தமயந்தியின் தலையில் ஒருமுறை கை வைத்தார். கதவைத் தானே தள்ளித் திறந்துகொண்டு போனார். உள்ளே விளக்கு எதுவும் தெரியவில்லை. பன்னிரண்டாம் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு பீரோவுக்கு மேலே இருந்த படத்தின் முன்னால் நின்றாள். அப்பா சண்முகவேல், கைக்குழந்தையான அவளை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிற படம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அப்பாவிடம் சொல்ல நினைத்தாள்.

"எல்லாம் முடிஞ்சுது சித்தப்பா" என்றாள்.

படத்தில் சண்முகவேல் குழந்தையை மார்பிலிருந்து எடுத்து, அண்ணன் பிள்ளையை வைத்துக்கொள்ளும் பதனத்தோடு சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். தமயந்தி சாவியை எடுத்துக்கொண்டு கடையைத் திறக்கப் போனாள்.