நூறு காலடிக் கல்வழி

வடக்கே முகில் சூடி நின்ற பெருமலைத் தொடருக்கும், தெற்கே பசுமை போர்த்துக் கிடந்த ஷூ நாட்டுக் குன்றுகளுக்கும் நடுவே, ஹான் ஆறு பனியுருகிய புதுநீரைச் சுமந்து, பாறையைக் கண்டால் ஒதுங்கியும் பள்ளத்தைக் கண்டால் நிறைந்தும் ஓடிக்கொண்டிருந்த இளவேனில் நண்பகல் அது. செங்குத்தான மலைச்சுவரில் துளையிட்டுக் கட்டைகள் செருகி, அவற்றின்மேல் பலகை பரப்பி, வானுக்கும் வெள்ளத்துக்கும் இடையே கட்டிய தொங்குவழி, கழுதைகளின் குளம்படியில் அதிர்ந்தது. அவ்வழி மலைத்தோளில் ஏறி மண்ணைத் தொடும் இடத்தில், கதவிருந்தும் தாழில்லாத நீண்ட மரவீடு ஒன்று நின்றது. அரிசியும் உப்பிட்டு உலர்த்திய இறைச்சியும் அதனுள் எந்நாளும் நிறைந்திருக்க, வழிப்போக்கர் எவராயினும் வயிற்றுக்கு வேண்டும் அளவு எடுத்து உண்டு சென்றனர். அளப்பாரும் இல்லை, காப்பாரும் இல்லை.

கற்றறிந்தோரே, இவ்வறத்தின் வேர் எதுவெனக் கேட்பீராயின், அம்மலைநாட்டு மக்கள் சொல்வது இது. வானும் மண்ணும் தோன்றுமுன்னரே இருந்து, இரண்டையும் ஈன்று, ஈன்றபின் தனதென்று உரிமை கொண்டாடாமல் ஒதுங்கி நிற்கும் ஒன்றைத் தாவோ என்று அவர்கள் அழைத்தனர்; நம் மொழியில் பெருவழி எனலாம். அரசவையின் ஆரவாரம் வெறுத்து, எருதின்மேல் ஏறி மேற்றிசை நோக்கிப் போனவரும், பெருவழியை முதலில் உரைத்தவருமான முதுபெருந்தலைவர், நெடுங்காலம் கழித்து, நாரைகள் கூவும் மலையில் நோன்பிருந்த முதல் ஆசான் ஒருவர்க்குக் காட்சி தந்து அவ்வழியைப் புதுக்கினார் என்பது அவர்தம் நம்பிக்கை. வலிந்து செய்வது முறியும், வளைந்து கொடுப்பது வாழும் என்பதும், குருதி சிந்தித் தெய்வத்தை விலைக்கு வாங்கலாகாது என்பதும், மறைத்து வைத்த பிழையே உடலில் நோயாய் முளைக்கும் என்பதும் அம்மக்கள் கொண்ட கோட்பாடுகள். பிழை செய்தவன் அதனை மூன்று மூங்கிலேட்டில் எழுதி, ஒன்றை மலையுச்சியில் வானுக்கும், ஒன்றைப் புதைத்து மண்ணுக்கும், ஒன்றை அமிழ்த்தி நீருக்கும் ஒப்புவிப்பான். கசையடிக்கு மாற்றாக, ஊரார் நடக்கும் வழியில் நூறு காலடி தன் கையால் செப்பனிடுவான். அவ்வளவே அந்நாட்டின் தண்டனை.

அவ்வில்லத்தின் தலைவி யென் ருவோ நாற்பது அகவையினள். பெண்ணொருத்தி நெறித்தலைமை ஏற்றிருப்பது அம்மலைநாட்டார் நிமிர்ந்து சொல்லிக்கொண்ட பெருமைகளுள் ஒன்று. ஈராண்டுக்கு முன் பேரரசின் படை கீழூரைக் கொளுத்தியபோது, நெற்களஞ்சியத்தின் வாயிலில் வெறுங்கையை விரித்து நின்று ஈட்டிக்கு இரையானவன் அவளுடைய ஒரே தம்பி யென் ஷூ. அன்று ஏவியவன் படைத்தலைவன் லியாங் போ. அப்பெயரை அவள் அதன்பின் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த லியாங் போதான் அந்நண்பகலில், முந்நூறு வீரர் சூழ, ஏழு நாள் காய்ச்சலில் வெந்த உடலாய், தூக்குக் கட்டிலில் அவ்வில்லத்தின் வாயிலுக்கு வந்து சேர்ந்தான். மலைநாட்டின் இத்தகைய நெறியில்லங்களை எரித்தழிக்கும் ஆணையோடு புறப்பட்டவனை, மருத்துவர் கைவிட்டபின், எரிக்க வந்த இடத்துக்கே நோய் கொணர்ந்து சேர்த்தது.

"ஏம்மா, நீதான் இங்க பெரியவளா?" என்று உதவித்தலைவன் வூ காங் உரத்துக் கூவினான். "எங்க ஐயாவ எழுப்பி உக்கார வை. இல்லேன்னா பள்ளத்தாக்கையே கொளுத்திடுவேன்!"

"கொளுத்தறது அப்புறம் இருக்கட்டும் தம்பி. உன் கால்ல சீழ் வடியுது, மொதல்ல அதக் கழுவு. ஆளுங்க எல்லாரும் உக்காந்து சாப்பிடட்டும். ஈட்டிய மட்டும் வெளிய சாத்திடுங்க, கூரை தாழ்வு, முட்டும்" என்றாள் ருவோ.

சமையற்காரன் தூ பிங் அவளை அடுக்களைக்குள் இழுத்தான். "அக்கா, அவனேதான்! நம்ம தம்பி ஷூவக் குத்தச் சொன்ன வாய் அங்க தண்ணிக்குத் தவிக்குது. ஒரு வார்த்தை சொல்லு, அந்த வெசக் கெழங்க, நாபிக்கிழங்க, அரைச்சுக் கஞ்சியில விட்டுடறேன். சாகக் கெடக்கறவன் செத்தா எவன் கேக்கப் போறான்?"

வேண்டாம் என்னும் சொல் அவள் நாவில் உடனே எழவில்லை. ஓரிரு மூச்சளவு நேரம், கனலை விழுங்கிய உலைபோல் நெஞ்சு கனன்றிருக்க, அக்கிழங்கு தொங்கிய கயிற்றையே பார்த்து நின்றாள். பின்னர்ச் சொன்னாள்: "தண்ணியாக் காய்ச்சு. ஏழு நாளா வெறும் வயிறு, கெட்டியாக் குடுத்தாத் தாங்காது."

நோயாளியைத் தனியறையில் கிடத்தி, வேர்க்குடிநீர் புகட்டி, ஏடும் மையும் அருகே வைத்து, மறைத்ததை எழுதுக என்றாள். மறுநாள் அவன் எழுதித் தந்ததைப் படித்தபோது சிரிப்பை அடக்க அவளால் இயலவில்லை. 'வீரர்களிடம் அளவுக்கு மீறி இரக்கம் காட்டினேன்' என்றிருந்தது.

"ஐயா, இது பிழைய ஒத்துக்கற ஏடா, அரசர்கிட்டப் பரிசு கேக்கற ஏடா? இத மலைமேல வச்சா மலையே சிரிக்கும். வேற எழுதுங்க."

மூன்றாம் நாள் பொழுது சாயுமுன் அவனே அவளை அழைத்தான். கண் குழிந்து, குரல் தேய்ந்து, ஏட்டை நெஞ்சின்மேல் வைத்திருந்தான்.

"கீழூர எரிச்சத எழுதிட்டேன். களஞ்சியத்து வாசல்ல ஒருத்தன் நின்னான். கையில ஒண்ணுமில்ல. நகருடான்னேன், நகரல. கொல்லச் சொன்னேன். அவன் பேரு தெரியாம எழுத்து அங்கயே நிக்குதும்மா."

"யென் ஷூ," என்றாள் அவள். "என் தம்பி."

அவன் எழ முயன்று இயலாமல் வீழ்ந்தான். "தெரிஞ்சுமா எனக்குக் கஞ்சி ஊத்தின?"

"தெரிஞ்சுதான். எழுதுங்க. சின்னப் பேருதான், கை நோகாது."

எழுதினான்; எழுதி முடித்து, போரில் ஒருநாளும் அழாதவன் வாய்விட்டு அழுதான். அன்றே காய்ச்சல் வியர்த்து இறங்கிற்று. வேரின் திறமோ, கஞ்சியின் திறமோ, ஒளிக்காத நெஞ்சின் திறமோ, அறிஞர் ஆராய்க. மலைநாட்டார்க்கு அதில் ஐயமில்லை.

பத்தாம் நாள், அவள் விதித்தபடி, அவன் கல் சுமந்தான். மழையில் சரிந்த வழியின் கீழ்முனையில், மார்புக்கவசம் கழற்றி, பாறை பெயர்த்து, மண் கொட்டி, காலடி காலடியாகச் செப்பனிட்டான். வூ காங் நகைத்தான்: "ஐயா, அரண்மனைக்குப் போய் என்ன சொல்றது? தலைவரு கொத்தனாரு ஆயிட்டாருன்னா?"

"சொல்லு. கூலியும் வாங்கலேன்னு சேத்துச் சொல்லு" என்றான் லியாங் போ, நிமிராமலே.

அப்போதுதான் மேல்முனையில் யென் ருவோவும் கூடையோடு குனிந்திருப்பதை அவன் கண்டான். கூப்பிட்டுக் கேட்டான்: "நீ எதுக்கும்மா சுமக்கற? பிழை என்னோடதுதானே?"

"என்னோடதும் ஒண்ணு இருக்கு. நீங்க வந்த அன்னிக்கு, ஒரு ரெண்டு மூச்சு நேரம், உங்களக் கொன்னுடலாமான்னு நெனச்சேன். மூணு ஏடும் எழுதிட்டேன். நூறு காலடி எனக்கும் உண்டு."

அதைக் கேட்ட வீரருள் ஒருவன் ஈட்டியைச் சாய்த்துவிட்டுக் கல்லெடுத்தான். அவனைக் கண்டு மற்றொருவன். மாலைக்குள் முந்நூற்றுவரில் பாதிப்பேர் வரிசையில் நின்று கல் கைமாற்றினர். தூ பிங் கஞ்சிப் பானையோடு வந்து, "பாத்து வைங்கடா, நாளைக்கு என் கழுதை விழுந்தா உங்களத்தான் கேப்பேன்" என்று அதட்டினான். மேலிருந்தும் கீழிருந்தும் வந்த இரு வேலையும் மூன்றாம் நாள் ஒன்றையொன்று தொட்டன. பகைவர் இருவரும் ஒரே கல்லை இரு புறமும் பற்றி அதன் குழியில் இறக்கினர்.

புறப்படும்போது லியாங் போ பொற்றட்டு ஒன்றை நீட்டினான். "எங்க கதவுக்குத் தாழே கெடையாதுங்க. இத வச்சா, காவலுக்கு ஆள் போடணும். அப்புறம் அவனுக்கு ஒரு காவல். எடுத்துட்டுப் போங்க" என்று ருவோ மறுத்தாள்.

அவன் படையைத் திருப்பிக்கொண்டு போனான்; நெறியில்லம் ஒன்றுகூட எரியவில்லை. ஆணை மீறியதற்காகப் பதவி முத்திரை பறிக்கப்பட்டு, தொலைவான ஊரொன்றில் உழுது வாழ்ந்து மறைந்தான் என்பர். அவனை ஏவிய பேரரசும் நெடுநாள் நிற்கவில்லை. அரண்மனை எரிந்தது, நாடு மூன்றாய்ப் பிளந்தது, வென்றவர் பெயரும் தோற்றவர் பெயரும் ஒரே புழுதியில் புதைந்தன.

யென் ருவோவுக்கு நடுகல் இல்லை. அவள் வேண்டாமென்றே சொல்லிப் போனாள். ஆயினும் பின்னாளில் அயலார் எவரேனும், உங்கள் நாட்டின் சிறப்பு யாதெனக் கேட்டால், அம்மலைமக்கள் தலைநிமிர்ந்து இவ்வளவே சொல்வாராயினர்: எங்கள் மண்ணில் பிழை செய்த படைத்தலைவன் கல் சுமந்தான் என்பது சிறிது, அவனைச் சுமக்கச் சொன்னவளும், எவரும் அறியாத தன் பிழைக்காகத் தானே சுமந்தாள் என்பது பெரிது.