கருப்பனார் திருப்பி அனுப்பிய கிடா

1998 ஆடியில் கருப்பனாருக்கு வெட்டி, ஊரே கறி தின்று முடித்த கிடா, மூன்றாம் நாள் காலையில் எங்கள் மலையின் குண்டூர் நாட்டுச் சின்னராசு வீட்டுப் பட்டிக்குத் திரும்பி வந்தது. கழுத்தைச் சுற்றிச் சிவப்பு நூல் கட்டியது போல ஒரு கோடு. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. வந்ததும் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டில் புகுந்து தழையை வயிறு முட்டத் தின்றது. அந்தத் தழையைத் தின்றால் ஆடு வயிறு ஊதிச் செத்துப்போகும். இது ஏப்பம் விட்டது. அதை வைத்துத்தான் இது ஏற்கெனவே செத்த ஆடு என்று ஊர் முடிவு செய்தது. கறியில் பங்கு வாங்கியவர்களுக்குத்தான் சங்கடம். தொடைக்கறி தின்ற எங்களில் சிலர் அது எதிரில் வந்தால் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டோம். அது பின்னங்காலை ஒருமுறை உதறிப் பார்த்துவிட்டு நடந்தது.

சும்மா வெட்டிய கிடா அல்ல அது. சின்னராசுவின் மகள் கலைச்செல்வி எட்டு வயதில் காய்ச்சல் கண்டு கண் சொருகிக் கிடந்தபோது, "எம்புள்ளய உட்டுருங்க சாமி, பட்டியில இருக்கற கிடாயத் தாரேன்" என்று அவள் அம்மா கண்ணாயி நேர்ந்துகொண்டது. காய்ச்சலும் இறங்கியது. இப்போது கொடுத்தது திரும்பி வந்துவிட்டதென்றால், விட்டதைக் கருப்பனார் திரும்பக் கேட்பாரோ? கண்ணாயிக்குச் சோறு இறங்கவில்லை. களை வெட்டும்போதுகூட ஓடிவந்து மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஊருக்கு வேறு கவலை. ஆடு மாடுகளுக்கு மேலுலகம் உண்டா என்ற பேச்சு டீக்கடையில் ஆரம்பித்துச் சாமை அறுப்பு வரை ஓடியது. வெட்டுப்பட்ட கிடா நேரே சாமி காலடிக்குப் போகும் என்பது பூசாரி காளியண்ணன் கட்சி. மனுசனுக்கே மேலே இடம் நிச்சயமில்லை, போக்கிடம் இல்லாமல்தான் ஆடு திரும்பிவிட்டது என்பது ராசிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் வாத்தியார் ஜீவானந்தம் கட்சி. இரண்டு கட்சிக்கும் அதே ஆடுதான் சாட்சி.

"மேல போன ஆட்டுக்கு எப்படிங்க பூசாரி இத்தன பசி?"

"போய்ட்டு வந்த களைப்புங்க வாத்தியாரே. மொதல்ல உங்க துண்டப் பாருங்க."

பாதித் துண்டு போயிருந்தது.

கடைசியில் கண்ணாயியே கிடாயை இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். காளியண்ணனுக்கு அருள் வந்தது.

"ஏனுங்க சாமி, குடுத்தது பத்தலீங்களா?"

"வருசா வருசம் அனுப்பி அனுப்பி இங்க ஒரு தழ மிச்சமில்ல. இது என் வேட்டியவும் தின்னுபோட்டுது. நீயே வெச்சுக்க."

"அப்ப எம்புள்ள?"

பதில் சொல்லாமலே கருப்பனார் மலையேறிவிட்டார். ஏற்கெனவே மலையில் இருப்பவர் இன்னும் எங்கே ஏறுவார் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் பதிலுக்காகக் கண்ணாயி ஆறு வருடம் காத்திருந்தாள். கிடாய்க்கு வயது ஏறவில்லை. கலைச்செல்விக்கு ஏறியது. 2004 ஐப்பசி மழையில் கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து பஸ் நின்றுபோன வாரம், அவளுக்கு மறுபடி காய்ச்சல் கண்டது. கண் மறுபடி சொருகியது.

"வேற கிடா நேர்ந்துக்கலாம்" என்றான் சின்னராசு.

"அங்கதான் தழயில்லீன்னாரே" என்று கண்ணாயி அழுதாள்.

கிடா எழுந்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் கோயில் பக்கம் தனியாகப் போனது. யாரும் இழுக்கவில்லை, வெட்டவில்லை. பொழுது சாய்வதற்குள் கலைச்செல்விக்கு வேர்த்துக் கொட்டி, காய்ச்சல் இறங்கியது. அவள் கஞ்சி கேட்டாள். போன ஆடு, முன்போலவே மூன்றாம் நாள் காலையில் வந்தது. கழுத்தில் இரண்டாவதாக ஒரு கோடு.

அதன்பின் எங்கள் பக்கம் யாரும் காய்ச்சலுக்குக் கிடா வெட்டுவதில்லை. காய்ச்சல் கண்டால் கண்ணாயி வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். தேவனூர் நாட்டிலிருந்துகூட வருகிறார்கள். வாத்தியாரும் தன் மகனுக்காக ஒருமுறை வந்தார். கண்ணாயி கயிற்றை அவிழ்த்துவிடுவாள். கிடா கோயிலுக்குப் போய்த் திரும்பும்வரை அவள் வீட்டில் கறி இல்லை. வந்ததும் வெந்நீர் வைத்து, கழுத்துக்கு மஞ்சள் குழைத்துப் போட்டுக்கொண்டே, "வலிச்சுதா கண்ணு?" என்று கேட்பாள்.

அது ஒன்றும் சொல்லாது. ஆடு எங்கேயாவது பேசுமா?