அரைக்காசுக் காஜா

கண் பார்வைக்குப் பினாங்கில் அப்போது விலை இரண்டு காசு. ரப்பர் விலை தரையில் விழுந்து கிடந்த வருஷம் அது. கோட்டில் பொத்தான் நுழைகிற துளைக்குக் காஜா என்று பெயர். ஒரு காஜாவுக்குக் கூலி இரண்டு காசு. அதில் நூலும் அடக்கம், கண்ணும் அடக்கம். நூலாவது தீர்ந்தால் கடையில் வேறு உருண்டை கிடைக்கும்.

மாதா கோயிலில் விடியற்காலை மணி அடிக்கும்போதே அமலம்மாள் கைமெஷினைத் தூக்கிக்கொண்டு வாசல் அஞ்சடிக்கு வந்துவிட்டாள். பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் முதல் வெளிச்சம் விழுவது வீட்டு வரிசையை ஒட்டி ஓடிய அந்த நடைபாதையில்தான். சூரியன் மண்ணெண்ணெய்க்குக் காசு கேட்பதில்லை.

மடியில் கிடந்தது கப்பல் சிப்பந்திகளுக்காக டிரில் என்ற தடித்த துணியில் தைத்த வெள்ளைக் கோட்டு. பொத்தான் பட்டையில் நாலு மடிப்பு. கஞ்சி ஏறித் தகரம்போல் விறைத்து நிற்கும். பதினோரு வருஷமாக அவள் அதில் காஜா போட்டு வந்த முறை வேறு. மெஷினில் இரண்டு வரி ஓட்டுவாள். நடுவே கத்தியால் கீறுவாள். பிறகு மெழுகு தடவிய நூலால் விளிம்பு முழுக்க முடிச்சுமேல் முடிச்சாகக் கையாலேயே கட்டுவாள். மெழுகு, கோயில் மெழுகுவர்த்தியின் அடித்துண்டு. கோட்டு கிழிந்தாலும் அவள் காஜா கிழியாது.

போன சனிக்கிழமை அந்த முறைக்கு முடிவு வந்தது. கடை முதலாளி திருநாவுக்கரசு உள்ளங்கை அளவில் ஓர் இரும்புக் கருவியைக் காஜா போடும் பெண்கள் எட்டுப் பேருக்கும் கொடுத்தார். மெஷின் ஊசிக்கடியில் மாட்டினால் அது துணியை இடமும் வலமும் ஆட்டும். கைப்பிடியைச் சுற்றினால் போதும், காஜா தானாக விழும். ஆகையால் இனிமேல் காஜாவுக்கு அரைக்காசு.

தானாகத்தான் விழுந்தது. கோணலாக விழுந்தது. மெல்லிய சட்டைத் துணிக்குச் செய்த கருவி, டிரில்லைக் கடித்துவிட்டு மெல்ல முடியாமல் திணறியது. கால்மிதி மெஷின் என்றால் துணிக்கு இரண்டு கை உண்டு. கைமெஷினில் வலது கை சுற்ற, இடது கை ஒன்றுதான் நாலு மடிப்பையும் அடக்கியாக வேண்டும். தையல் ஒரு பக்கம் குவிந்து, மறுபக்கம் பல்லுப் போன வாயாக இளித்தது. அமலம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடுவே கீறினாள். தளர்ந்த நூல் கத்தியோடு வந்துவிட்டது. காலையிலிருந்து இது மூன்றாவது.

மூன்றாம் வீட்டு மருமகள் ஜூலியானா வந்து நின்றாள். ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு.

"என்ன புள்ளே இது?"

"ஊசி ஒடிஞ்சு உள்ள போயிருச்சுக்கா. ஆஸ்பத்திரியில கட்டுப் போடுற டிரசர்தான் கொறடு போட்டு எடுத்தாரு. கோட்டுல ரத்தம் பட்டுருச்சு. இந்த வாரக் கூலியே கெடையாதுன்னுட்டாரு முதலாளி."

"கையைப் பாத்தாரா?"

"கோட்டைத்தான் பாத்தாரு."

எதிர்வீட்டு ஆசியா பீவி காதில் இது விழுந்தது. தன் கருவியைக் கொண்டுவந்து அமலம்மாளின் காலடியில் போட்டாள்.

"நாலு நாள்ல எனக்கு ஒம்போது ஊசி போச்சு. ஊசி மூணு காசு, காஜா அரைக்காசு. பேசாம படுத்துத் தூங்கினா லாபம் லா."

"படுக்க வேணாம். கடைக்குப் போவோம்."

"போயிட்டுத்தானே வந்திருக்கா இந்தப் புள்ள?"

"ஒத்தையாப் போனா. அதான்."

மெஷின் இருந்த வீடுகளில் எல்லாம் அமலம்மாள் ஏறி இறங்கினாள். குழாயடியில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காதவர்களும் வெயில் ஏறுவதற்குள் சேர்ந்து புறப்பட்டார்கள். அமலம்மாளின் மெஷின் ரிக்ஷாவில் போயிற்று. எட்டுப் பெண்களும் கருவிகளோடு பின்னால் நடந்தார்கள்.

கடைத்தெருவில் திருநாவுக்கரசு கல்லாவில் இருந்தார். பக்கத்தில் தையல்காரர் முனுசாமி மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் நாற்பத்தெட்டுக் கோட்டுகள். பொத்தான் வைத்தாகிவிட்டது, கோட்டுக்கு ஐந்து காஜாதான் பாக்கி. சனிக்கிழமை கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு.

"என்ன ஊர்வலம்? தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருக்கே. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வழி இது இல்லையே."

"பழைய கூலி வேணும் முதலாளி. ஜூலியானா கூலியும் வேணும்" என்றாள் அமலம்மாள்.

"ரப்பர் முரா, ஈயம் முரா, எல்லாமே வெலை எறங்கிக் கெடக்கு. உங்க கை மட்டும் ஒசத்தியா? வேலை செய்யறது கருவி. நீ சும்மா சுத்துறே."

"அவ விரலு?"

"கோட்டைக் கெடுத்தா ரெண்டு வெள்ளி, இருநூறு காசு, பிடித்தம். கெடுக்கிறது யாரா இருந்தாலும் சரி. இது இந்தக் கடைச் சட்டம்."

அமலம்மாள் மெஷினைக் கல்லாமேல் வைத்தாள். கருவி மாட்டியே இருந்தது.

"சும்மா சுத்துறதுதானே. ஒரே ஒரு காஜா நீங்க சுத்திக் காட்டுங்க. அரைக்காசு கூலி நாங்க தர்றோம்."

தெருவில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். நஷ்டத்தைத் தாங்குகிற வியாபாரி உண்டு. எதிர்க்கடைக்காரன் பார்க்கப் பின்வாங்குகிற வியாபாரி இல்லை. திருநாவுக்கரசு சட்டைக் கையைச் சுருட்டினார். மேலாக இருந்த கோட்டை இழுத்து ஊசிக்கடியில் திணித்துச் சுற்றினார். மெஷின் முனகியது. அடியில் நூல் குருவிக்கூடாகச் சுருண்டது. வியர்வை அவர் மூக்கு நுனியிலிருந்து டிரில்லில் சொட்டியது. தையலை முடித்துக் கத்தியை வாங்கி ஓங்கிக் கீறினார். கத்தி காஜாவைத் தாண்டிப் பட்டையின் ஓரம்வரை ஓடிவிட்டது.

முனுசாமியின் மிதி நின்றது.

"துணி சரியில்லே" என்றார் முதலாளி.

"துணி உங்களோடதுதானே" என்றாள் ஆசியா பீவி.

"போங்க எல்லாரும். பினாங்குல வேற பொம்பளைங்களா இல்லே?"

"இருக்காங்க. தேடிப் பிடிங்க. சனிக்கிழமைக்குள்ள இதைப் பழக்கி, இருநூத்தி நாப்பது காஜா போட வைங்க" என்றாள் அமலம்மாள்.

எட்டுக் கருவிகளும் ஒவ்வொன்றாகக் கல்லாமேல் வந்து விழுந்தன. ஜூலியானா இடது கையால் வைத்தாள். வீட்டுப் பானையில் அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்று அமலம்மாளுக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியும். ஒருத்தியும் வைத்ததைத் திரும்ப எடுக்கவில்லை.

முதலாளி முனுசாமி பக்கம் திரும்பினார். "நீ ஏன்டா நிறுத்துனே? மிதி."

முனுசாமி எழுந்தார். "பொத்தான் மாட்ட முடியாத கோட்டை இன்னும் எத்தனை தைக்கிறது முதலாளி?" என்று சொல்லிவிட்டு, துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியோடு பெண்கள் பக்கம் வந்து நின்றார்.

"அண்ணே, உங்களுக்கு எழுத வரும். கடைச் சட்டப்படியே ஒரு கணக்கு எழுதுங்க" என்றாள் அமலம்மாள்.

துணி வெட்டும் மேஜையின் முன்பக்கக் கறுப்புப் பலகையில், தெருவுக்கும் தெரியும்படி முனுசாமி பெரிதாக எழுதினார்:

திருநாவுக்கரசு கணக்கு.
கெடுத்த கோட்டு ஒன்று, பிடித்தம்: இரண்டு வெள்ளி.
போட்ட காஜா ஒன்று, கூலி கழிவு: அரைக்காசு.
ஜூலியானாவுக்குத் தர வேண்டிய பாக்கி: ஒரு வெள்ளி தொண்ணூற்றொன்பதரைக் காசு.