கோட்டை வாசல் முடிச்சு

சூளகிரியிலிருந்து உள்ளே போனால் மல்லேகோட்டை. மேட்டில் இடிந்த அரண்மனை, அதைச் சுற்றி மதில், மதிலுக்குள் மேலத்தெரு, கீழத்தெரு. கிணறு, சுடுகாடு, டீக்கடை பெஞ்சு எல்லாவற்றிலும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி நிற்கிற இந்த இரண்டு தெருவுக்கும் கோட்டை மட்டும் பொதுச்சொத்து. மதிலைத் தொடாதே என்று சர்க்கார் நட்ட பலகையில் ஆடுகள் முதுகைச் சொறிந்துகொள்ளும். ஆனால் ஆடி மாதம் ஊர்க்கட்டு அன்று கோட்டை வாசலில் கட்டுகிற வேப்பிலைக் கயிற்றை ஒரு கோழிகூடத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள்.

வலது தூணில் மேலத்தெரு நாராயணப்பன் முடிச்சுப் போடுவார். இடது தூணில் கீழத்தெரு ஆஞ்சப்பன். காலையில் கட்டினால், பொழுது சாய்ந்து அம்மன் பூசை முடிந்த பிறகு இருவரும் ஒன்றாக அவிழ்ப்பார்கள். அதுவரை யாரும் உள்ளே வரக்கூடாது, வெளியே போகவும் கூடாது. ஒரு பக்க முடிச்சு மட்டும் அவிழ்ந்தால், அந்த வருசம் ஊரில் நடக்கிற கெட்டது எல்லாம் அவிழ்த்த வீட்டின் தலையில் விடியும். ஷிப்டுக்குப் போகிறவர்கள் கயிறு கட்டுமுன்பே ஓசூர் பஸ் ஏறிவிடுவார்கள். ஆஞ்சப்பனின் மகன் பிரேம்குமாரும் அப்படித்தான் போயிருந்தான்.

அன்று உச்சிவெயிலில் நாராயணப்பனின் மருமகள் சுஜாதா, பூசைக்கு அரளி பறிக்க மதிலோரம் போனாள். கால் தடுமாறிக் கல் இடுக்கில் கையை ஊன்றினாள். உள்ளே கண்ணாடி விரியன் இருந்தது.

வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்த ஆஞ்சப்பனுக்கு முன்னால் நாராயணப்பனின் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் சுஜாதாவின் புருசன் ராஜ்குமார். முன்சீட்டிலிருந்து நாராயணப்பன் இறங்கினார். பின்சீட்டில் அவள் கை முழங்கைவரை வீங்கிக் கிடந்தது. பல் ஈறில் ரத்தம் கசிந்தது. மதிலைவிட்டு வெளியே போக வேறு வண்டிப்பாதை கிடையாது.

ஆஞ்சப்பனுக்குப் பயம் அம்மன்மேல் இல்லை. அவள் பெற்றவள், பொறுத்துக்கொள்வாள். ஊர் பொறுக்காது. அவருடைய அப்பாவும் ஒரு ஊர்க்கட்டு அன்று, மேலத்தெருப் பெண் ஒருத்தியின் பிரசவத்துக்காக முடிச்சை அவிழ்த்தவர்தான். தாயும் பிள்ளையும் நல்லபடியாகத் திரும்பினார்கள். ஆனால் அந்த மழைக்காலத்தில் கோமாரி வந்து மாடுகள் விழுந்தன. அன்றைக்கும் வலது தூண் முடிச்சு அவிழ்ந்திருக்கவில்லை. அப்பாவின் வீட்டுக் கூரையை ஊரார் பிரித்துப் போட்டார்கள். மதிலுக்கு வெளியே, ஏரிக்கரையில்தான் ஆஞ்சப்பன் வளர்ந்தார்.

அவிழ்த்து சுஜாதா செத்தாலும் பழி, அவள் பிழைத்து ஓர் ஆட்டுக்குட்டி செத்தாலும் பழி. அவிழ்க்காவிட்டால் சொல்லவே வேண்டாம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"ஐயா, நீங்களும் உங்க முடிச்சுல கை வெய்யுங்க. ரெண்டும் ஒண்ணா அவுரட்டும்."

"நீ மொதல்ல அவுரு ஆஞ்சப்பா. நான் பின்னாடியே அவுக்கறேன்."

சுஜாதா வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. ஆஞ்சப்பன் அவிழ்த்தார். கயிறு விழுந்ததும் நாராயணப்பன் முன்சீட்டில் ஏறினார். கார் வேப்பிலைமேல் ஏறி இறங்கிப் பறந்தது. பதற்றத்தில் மறந்தாரா, தெரிந்தே விட்டாரா என்று ஆஞ்சப்பனுக்கு விளங்கவே இல்லை. இரவு திரும்பி வந்தவரும் தூண் பக்கம் திரும்பவில்லை. வலது முடிச்சு அப்படியே இறுகிக் கிடந்தது.

சுஜாதா பிழைத்துவிட்டாள் என்று சேதி வந்தது. ஆஞ்சப்பனுக்கு அது அரை நிம்மதிதான். எந்த வீட்டு மாடு செருமினாலும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தார். ஓசூருக்கே வந்துவிடு என்றான் பிரேம்குமார். இப்போது போனால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அவர் மனைவி சரசம்மா சொன்னாள். ஊரில் உள்ள ஒவ்வொரு கோழிக்கும் குஞ்சுக்கும் அவர் தனித்தனியாக வேண்டிக்கொண்டார்.

வேண்டுதல் போதவில்லை. ஒரு காலையில் மேலத்தெருவில் கன்றுக்குட்டி ஒன்று வயிறு உப்பிச் செத்தது. கோட்டை வாசலுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. ஆஞ்சப்பன் போனபோது கூட்டம் கூடியிருந்தது. நாராயணப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் ஆஞ்சப்பனைத் திட்டவில்லை. வெறுமையாக நின்ற இடது தூணையே எல்லாரும் பார்த்தார்கள். அதுதான் அவரை உலுக்கியது. கூரை பிரித்த அன்றும் இதே அமைதி.

அந்த நேரம் ஆஸ்பத்திரியிலிருந்து சுஜாதாவை ஏற்றிக்கொண்டு கார் வந்தது. இறங்கினாள். என்ன கூட்டம் என்று கேட்டாள், யாரோ சொன்னார்கள். வலது தூணைப் பார்த்தாள், பிறகு மாமனாரைப் பார்த்தாள். வலக்கையில் கட்டு. இடக்கையாலும் பல்லாலும் அந்த முடிச்சை இழுத்தாள். மழையில் நனைந்து இறுகிய கயிறு லேசில் இளகவில்லை. ஒருவரும் கிட்டே போகவில்லை. கடைசியில் அவிழ்ந்து விழுந்தது.

"எனக்காகத்தான் கயிறு எறங்குச்சு. இந்தாங்க, எங்க வீட்டு முடிச்சும் அவுந்துருச்சு. கேக்கறதா இருந்தா ரெண்டு வீட்டையும் கேளுங்க."

இப்போது எந்தத் தூணைப் பார்ப்பதென்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

ஆஞ்சப்பன் இடது தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். அடுத்த ஆடியிலும் அந்தத் தூணில் முடிச்சுப் போட வேண்டியவர் அவர்தானே.