முதலில் பிறந்தது ரைஃபிள்

ஆல்டன் டாலஃப்சனுக்குச் சட்டம் என்றால் உயிர். ஆளை வக்கீல் என்று நினைத்துவிடாதீர்கள். முப்பத்தோரு வருஷம் காகித ஆலையில் மரக்கூழைக் கட்டிக்கொண்டு மாரடித்துவிட்டு ஓய்வு வாங்கியவன். ஆனால் வடக்கு விஸ்கான்சினில் எங்கள் வேட்டைச் சங்கத்தில் எவனாவது துப்பாக்கி என்று வாயைத் திறந்தால் போதும், "அப்படி இல்லப்பா, சட்டம் என்ன சொல்லுதுன்னா..." என்று பிடித்துக்கொள்வான். கையில் இருக்கிற பியர் சூடாகிற வரைக்கும் விடமாட்டான்.

அவன் சொல்கிற சட்டமும் லேசுப்பட்டதல்ல. நம் சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே துப்பாக்கி செய்துகொள்ளலாம், தடையில்லை. ஆனால் அது முதன்முதலில் என்னவாக முழுமையானது என்பதுதான் கேள்வி. தோளில் முட்டுக்கொடுக்கிற கட்டையும் பதினாறு அங்குலத்துக்குக் குறையாத குழலும் மாட்டியிருந்தால் ரைஃபிள். தோள்கட்டை இல்லாமல் குட்டைக் குழலோடு நின்றால் பிஸ்டல். பிஸ்டலாகப் பிறந்ததை நாளைக்கு ரைஃபிளாக மாற்றலாம், மறுநாள் திரும்பப் பிஸ்டலாக்கலாம், ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். ரைஃபிளாகப் பிறந்ததோ சாகிற வரைக்கும் ரைஃபிள்தான். முன்கூட்டியே சர்க்காரிடம் எழுதிப் பதிவு வாங்காமல் அதில் குட்டைக் குழலை மாட்டினால் பத்து வருஷம் வரைக்கும் உள்ளே போடலாம். அதற்கப்புறம் ஆயுசுக்கும் துப்பாக்கியைத் தொட முடியாது. அதே இரும்பு, அதே திருகாணி. எது முந்தி, எது பிந்தி என்பதில் பாவமும் புண்ணியமும்! எந்த மகராசன் எந்தக் கிறுக்கில் இதை எழுதினானோ, அவன் வீட்டில் அன்றைக்குச் சோறு வெந்திருக்காது.

அதனால் எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம். வேலை முடிந்த அன்றைக்கே துப்பாக்கியைப் பிஸ்டலாக நிறுத்தி, பக்கத்தில் அன்றைய செய்தித்தாளை வைத்துப் போட்டோ எடுத்துவிடுவார்கள். ஆளைக் கடத்தினவன், 'உங்க மாமா உயிரோடதான் இருக்கார்' என்று வீட்டுக்கு அனுப்புகிற போட்டோ மாதிரியே இருக்கும். இந்தப் பழக்கத்தைச் சங்கத்துக்குள் கொண்டுவந்ததே ஆல்டன்தான். போட்டோக்களைக் குத்திவைக்கப் பலகை அடித்துக்கொடுத்ததும் அவன்தான்.

அந்த வருஷம் அவனே ஒன்று செய்ய உட்கார்ந்தான். எங்கே? வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். ஜூனில் பரப்பின உதிரிச் சாமான்கள், நீளக் குழலும் தோள்கட்டையும் சேர்த்து, அக்டோபர் வரைக்கும் அங்கேயே கிடந்தன. அவன் பெண்டாட்டி மார்லிஸ் நாலு மாசமாகத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

மார்லிஸ் இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். முழங்கால் பனியில் குனிந்து சக்கரத்துக்குச் சங்கிலி கட்டுவாள். ஆனால் வீட்டில் ஒரு பல்பு மாற்றப் போனால் ஆல்டன் ஓடிவருவான். "தொடாத, உனக்கு வராது." கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் ஆல்டன் வேலையை முடித்தான். குட்டைக் குழல் மாட்டினான், செய்தித்தாளை வைத்தான், போட்டோ எடுத்தான். சாயங்காலம் சங்கத்தில் மீன் வறுவல் விருந்து. போனவுடனே பலகையின் நட்டநடுவில் அதைக் குத்திவிட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி பக்கத்திலேயே நின்றுகொண்டான்.

மார்லிஸின் தம்பி டெல்பர்ட் தட்டு நிறைய மீனும் உருளைக்கிழங்கு அடையுமாக வந்தான். போட்டோவைப் பார்த்தான். மென்றுகொண்டே கேட்டான்.

"மச்சான், இது பிஸ்டலா?"

"கண்ணு தெரியல? பக்கத்துல இன்னிக்குப் பேப்பர் இருக்கு பாரு."

"அது தெரியுது. அப்ப புதன்கிழமை எங்கக்கா ஃபேஸ்புக்ல போட்டது என்னது?"

ஆல்டன் ஃபேஸ்புக் பக்கமே போகாதவன். டெல்பர்ட் போனை நீட்டினான். ஆல்டனின் அதே துப்பாக்கி. நீளக் குழல், தோள்கட்டை எல்லாம் மாட்டி, கம்பீரமாகச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. முன்னால் துடைத்து வைத்த மேஜை. அதைச் சுற்றிச் சர்ச்சுப் பெண்கள் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறார்கள். கீழே மார்லிஸ் எழுதியிருந்தாள்: 'நாலு மாசம் கழிச்சு என் மேஜை எனக்குக் கெடச்சிருச்சு! எல்லாத்தையும் ஒண்ணா மாட்டிட்டேன், எவ்ளோ இடம் மிச்சம் பாருங்க.' அறுபத்தொரு பேருக்குப் பிடித்திருந்தது. பாதிரியார் இதயம் போட்டிருந்தார்.

புதன்கிழமை ஆல்டன் ஊரிலேயே இல்லை, தன் வேட்டைக் காட்டுக் குடிசைக்குக் கூரை வேயப் போயிருந்தான்.

"புதன் முந்தியா, வெள்ளி முந்தியா மச்சான்?" என்றான் டெல்பர்ட், பச்சைப் பிள்ளை மாதிரி. "நீதானே போன வாரம் பாடம் எடுத்த? பத்து வருஷம்னு?"

"மெதுவாப் பேசுடா!"

"பேசாமலே இருக்கேன். மான் சீசனுக்கு உன் வடக்கு மேடையை எனக்குக் குடுத்துடு. ஊமையாவே ஆயிடறேன்."

காட்டில் மரத்தின்மேல் கட்டிய அந்த மேடைக்குக் கீழேதான் ஊர் மான் எல்லாம் நடக்கும். இருபது வருஷமாக டெல்பர்ட்டுக்கு அதன்மேல் கண். ஆல்டன் பலகையிலிருந்து போட்டோவைப் பிடுங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வண்டிக்கு ஓடினான். டெல்பர்ட் தட்டோடு பின்னால் வந்து ஏறிக்கொண்டான், இந்தக் கூத்தைத் தவறவிட அவனுக்கு என்ன பைத்தியமா?

வீட்டில் மார்லிஸ் மடியில் தட்டு வைத்துத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜையில் அவனுடைய பிஸ்டல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

"புதன்கிழமை இதை மாட்டினியா?"

"ஆமா. ஒம்பது பொம்பளைங்க வராங்க, உன் இரும்புக் கடை மேலயா தைக்கச் சொல்லுவேன்? அப்புறம் நீ வந்து குதிப்பேன்னு கழட்டி, எது எது எங்க இருந்துச்சோ அங்கயே வச்சிட்டேன்."

"ஏன்டி நீளக் குழலைப் போட்ட? குட்டைதான் முதல்ல போடணும்!"

"குட்டை பெட்டியில இருந்துச்சு. நான் காலி பண்ண வேண்டியது மேஜையை, பெட்டியை இல்ல."

இதற்கு எந்த நீதிமன்றத்தில் போய் வாதாடுவது? ஆல்டன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். திடீரென்று முகத்தில் வெளிச்சம் வந்தது.

"இரு, இரு. நீ சும்மா செருகித்தானே வச்ச? ஒழுங்கா மாட்டல. மாட்டலைன்னா அது முழுசா ஆகல. முழுசா ஆகலைன்னா ரைஃபிளே இல்ல!"

"ஒழுங்காத்தான் மாட்டினேன்."

"உனக்கு எப்படி வரும்?"

"படம் போட்ட தாள் கூடவே இருந்துச்சு. இருபது நிமிஷம் ஆச்சு." அவள் டீவியை நிறுத்தினாள். "கடைசியில விசையை இழுத்துப் பார்த்தேன், காலியாத்தான். டக்குனு அருமையா ஒரு சத்தம்."

அந்த 'டக்' ஆல்டனின் காதில் சிறைக் கதவு சாத்துகிற சத்தமாக விழுந்தது. தூண்டிலில் கொக்கி கட்டும்போது வைத்துக்கொள்கிற பூதக்கண்ணாடியை எடுத்துவந்து டெல்பர்ட்டின் போனில் குனிந்தான். படத்தைப் பெரிசாக்கினான். ஒரு ஆணி பாதியில் நிற்காதா? ஒரு திருகு தொளதொளவென்று இருக்காதா? கட்டையாவது தலைகீழாக இருக்காதா? முப்பத்தெட்டு வருஷமாக மார்லிஸ் எதைத் தொட்டாலும் வாசற்படியில் நின்றுகொண்டே குறை சொன்னவன், இப்போது ஒரே ஒரு குறைக்காக மண்டியிட்டுத் தேடினான். ஒன்றுகூட அகப்படவில்லை. அவன் மாட்டியிருந்தால்கூட அவ்வளவு நேராக வந்திருக்காது.

"அக்கா," என்றான் டெல்பர்ட். "படத்துக்குக் கீழ ஒரு வரி எழுதிடேன். 'எனக்குச் சரியா மாட்ட வரல, சும்மா சாத்தி வச்சேன்'னு. மச்சான் பொழச்சுப் போவான்."

"ஆமா மார்லிஸ்," என்றான் ஆல்டன். "ஒரே ஒரு வரி. யாரு கேக்கப் போறாங்க?"

மார்லிஸ் தட்டைக் கீழே வைத்தாள்.

"நான் கேப்பேன். முப்பத்தெட்டு வருஷமா வராது வராதுன்னு கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு ஆல்டன். அன்னிக்கு அந்தச் சத்தம் வந்தப்ப சமையலறையில தனியா நின்னு சிரிச்சேன். உன்கிட்ட சொல்ல முடியாதேன்னுதான் ஊருக்குச் சொன்னேன். அதைப் பொய்யின்னு என் கையால எழுதச் சொல்றியா? ஜெயிலுக்கு வேணா வாராவாரம் மீன் வறுத்து எடுத்துட்டு வரேன். இதை எழுதமாட்டேன்."

டெல்பர்ட்கூட மெல்லுவதை நிறுத்தினான். ஆல்டனுக்கு ஜெயில் பயம் ஒரு பக்கம் இருந்தாலும், அவள் தனியாக நின்று சிரித்தாள் என்பதுதான் சுருக்கென்று தைத்தது. வெட்கமாக இருந்தது அவனுக்கு, நிஜமான வெட்கம்.

"தப்பு ஒண்ணும் இல்ல," என்று முனகினான்.

"கேக்கல."

"தப்பே இல்ல மார்லிஸ். நீ நல்ல ரைஃபிள் செஞ்சிருக்க. அதைக் கெடுத்தது நான்தான்."

சொல்லிவிட்டு எழுந்து குட்டைக் குழலைக் கழற்றினான். அவசரத்தில் திருகு ஓடவில்லை. "நகரு," என்று மார்லிஸ் அவனை இடித்துத் தள்ளிவிட்டு, மிச்சத்தையும் கழற்றி, நீளக் குழலையும் கட்டையையும் மாட்டினாள். பன்னிரண்டு நிமிஷம்தான் ஆனது. ஆல்டன் வாயைத் திறக்கவில்லை, அதற்கு அவன் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சட்டைக்குள் இருந்த போட்டோ விறகடுப்புக்குள் போனது. ஒன்பது மணி நேரம் குற்றவாளியாக வாழ்ந்த மனுஷன், எங்கள் ஊரில் சட்டம் தெரிந்த ஒரே ஆள், தன் கையாலேயே அத்தாட்சியைக் கொளுத்தினான்.

"அப்ப வடக்கு மேடை?" என்றான் டெல்பர்ட் மெதுவாக.

"அது எனக்கு," என்றாள் மார்லிஸ். "செஞ்சவ நான், சுடப்போறதும் நான். நீ வாயைத் திறந்தேன்னா, அப்பாவோட படகு எப்படி முழுகுச்சுன்னு நானும் வாயைத் திறப்பேன்."

டெல்பர்ட் மிச்ச மீனைச் சாப்பிட ஆரம்பித்தான்.

மறுநாள் பலகையின் நட்டநடுவில் மார்லிஸின் படம் வந்தது, சர்ச்சுப் பெண்களோடு. கீழே ஆல்டனின் கையெழுத்தில்: 'ரைஃபிள். செய்தவர் மார்லிஸ் டாலஃப்சன்.' ஏன் இவன் பிஸ்டல் படத்தை எடுத்துவிட்டான் என்று நாலு பேர் கேட்டோம். சட்டம் பேசாமல் அவன் பியர் வாங்கப் போய்விட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

நவம்பரில் சீசன் திறந்த காலை. ஆண்கள் இரண்டு பேரும் குடிசையில் வெங்காயமும் சாசேஜும் வதக்கிக்கொண்டிருந்தார்கள். வேட்டைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு விடியும் முன்பே மார்லிஸ் வடக்கு மேடைக்குப் போயிருந்தாள். ஏழரை மணிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வெடி கேட்டது. அதோடு சரி, இரண்டாவது வெடி இல்லை.

டெல்பர்ட் கரண்டியோடு நின்றான். "ஒண்ணுதான் கேட்டுச்சு. மான் விழுந்திருக்கும்ங்கிற?"

'அவளுக்கு வராது' என்பது பழக்கதோஷத்தில் ஆல்டனின் தொண்டை வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு அடுப்பை அணைத்தான்.

"கயித்தை எடுடா," என்றான். "இழுத்துட்டு வரணும்."