அத்திப்பள்ளிக்கு அந்தாண்டை

சந்தோஷின் கையிலிருந்த போனை வெடுக்கென்று பிடுங்கினாள் காவியா. செத்துக்கிடந்த பெரியப்பாவின் மாலையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்தவன், ஒரு போட்டோ எடுத்து, அதன் கீழே கண்ணீர் விடும் பொம்மை இரண்டை ஒட்டி, ஸ்டேட்டஸில் போட விரலை நீட்டியிருந்தான். இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் போயிருக்கும்.

"அண்ணி, எங்க பெரியப்பா அண்ணி. நான் போடாம வேற யாரு போடுவாங்க?"

"உங்க அண்ணன் பாத்துருவாரு சந்தோஷு."

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். போட்டோவை அழித்துவிட்டுத்தான் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

காலையிலிருந்து அவளுக்கு இதே வேலை. மாமனார் கோவிந்தப்பனை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து வாசலில் கிடத்தியதிலிருந்து, உட்கார்ந்து அழ அவளுக்கு நேரமில்லை. துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஸ்டேட்டஸ் வைக்காதீங்க, குரூப்புல போடாதீங்க, பிளெக்ஸ் அடிக்காதீங்க. தெருமுனையில் பிளெக்ஸ் இல்லாமல் ஒரு சாவு மத்திகிரியில் நடப்பதே புதுசுதான். மாட்டுப்பண்ணையில் கோவிந்தப்பனோடு சாணி அள்ளிய கிழவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். பெண்கள் பக்கத்தில் யாரோ, சரியான கல்நெஞ்சுக்காரி என்று அவள் காதுபடவே சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவள் புருஷன் மாதேஷ், கோவிந்தப்பனுக்கு ஒரே பிள்ளை, ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டில் ஓர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் கம்பெனி அங்கே பைக் விற்றது. அங்குள்ள மெக்கானிக்குகளுக்கு வேலை சொல்லிக்கொடுக்கப் போனவன், சண்டை நடுவில் மாட்டிக்கொண்டான். கிளர்ச்சிப் படை ஊருக்குள் புகுந்துவிட்டது. வெளியே சுடறாங்க, உள்ளதான் இருக்கோம், பயப்படாத என்று முந்தின நாள் ஒரு செய்தி வந்தது. அங்கே நெட் விட்டுவிட்டுத்தான் வந்தது; அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

அப்பா போய்விட்டார் என்று தெரிந்தால் அவன் அந்த அறையில் ஒரு நிமிஷம் இருக்கமாட்டான். அவனுக்குக் கால் முந்தும், புத்தி பிந்தும். ஒருதடவை முனிலட்சுமியைப் பாம்பு கடித்துவிட்டது என்று யாரோ சொன்னதும், ஷிப்டை அப்படியே போட்டுவிட்டு சிப்காட்டிலிருந்து மத்திகிரி வரைக்கும் ஓடியே வந்தவன். கடிபட்டது அவன் அம்மா முனிலட்சுமி அல்ல, அடுத்த தெரு முனிலட்சுமி. அதைச் சொல்லிச் சொல்லி மூச்சு முட்டச் சிரித்திருக்கிறாள் காவியா. இன்றைக்கு அதே ஓட்டம்தான் அவளைப் பயமுறுத்தியது.

அவன் இருந்த ஊரின் பெயர் கோமா.

போன வருஷம் அவன் விமானம் ஏறிய புதிதில் கோவிந்தப்பன் டீக்கடையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், என் பையன் கோமாவுல இருக்கான் என்று. அன்றைக்குச் சாயங்காலமே பண்ணைக் கிழவர்கள் ரொட்டியும் சாத்துக்குடியுமாக வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். விஷயம் புரிந்ததும் கோவிந்தப்பனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் அதுவே அவருக்கு விளையாட்டாகிப்போனது. புதிதாக யாரைப் பார்த்தாலும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பையன் கோமாவுல இருக்கானுங்க என்பார்.

பொங்கல் முடிந்த கையோடு அந்த விளையாட்டு நின்றது. கிளர்ச்சிப் படை ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு கோமாவைப் பார்த்து வந்தது. இங்கே எந்தச் சேனலைத் திருப்பினாலும், காங்கோ என்று ஒரு நாடு இருப்பதாகவே யாரும் காட்டிக்கொள்ளவில்லை. மாதேஷ் பேசி அனுப்புவதைத்தான் நம்ப வேண்டியிருந்தது. அவன் சொன்ன ஊர்ப்பெயர்கள் கிழவர் வாயில் நுழையவில்லை. சாக்கே என்ற ஊரைப் பிடித்துவிட்டார்கள் என்று வந்த அன்றைக்கு, சாக்கேன்னா நம்ம சூளகிரி தூரம் மாமா என்றாள் காவியா. அதன்பிறகு அவர்கள் பேச்சில் அந்தச் சண்டை முழுக்கக் கிருஷ்ணகிரி ரோட்டில்தான் நடந்தது. கோமா என்றால் பக்கத்திலிருக்கும் ஓசூர். எல்லையைத் தாண்டினால் வேறு நாடு, பயமில்லை. அந்த எல்லைதான், இங்கே மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி. மாதேஷே முன்பு சொல்லியிருந்தான், நம்ம ஊரு மாதிரி பார்டர் ஊருதான் நைனா, நடந்தே தாண்டிரலாம் என்று.

விடிந்ததும் கோவிந்தப்பன் கேட்பார். "எங்க வந்துருக்கானுங்க?"

"இன்னும் சூளகிரிதான் மாமா."

ஒருநாள் காலை, ஓசூரை ஒட்டிய பேரண்டப்பள்ளி என்று சொல்லவேண்டி வந்தது. மாற்றிச் சொல்ல நினைத்தாள், ஆனால் அவர் அவள் வாயைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார். அன்றைக்குக் களியை அப்படியே வைத்துவிட்டார். ஜூஜூவாடிதானே நடுவுல, அந்தப் பையன ஏன் இன்னும் அங்க உக்கார வெச்சிருக்காங்க, அத்திப்பள்ளிக்கு அந்தாண்ட தள்ளிவிட ஆளில்லையா என்று அவளிடம் கேட்டார். அவள்தான் கம்பெனி முதலாளி என்கிற மாதிரி.

படை ஊருக்குள் நுழைந்த அன்று அங்கே கரண்டும் போனது, நெட்டும் போனது. எங்க வந்துருக்கானுங்க என்று கேட்டபோது சொல்ல அவளிடம் ஊர் இல்லை. தெரியல மாமா என்றாள். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார். வாசலுக்கு வந்து செருப்பில் கால் நுழைக்கும்போதே சரிந்துவிட்டார். எங்கே கிளம்பினார் என்பது யாருக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது, நினைவு திரும்புவது கஷ்டம், கோமாவில் இருக்கிறார் என்றார்.

முனிலட்சுமி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "கோமாவுல இருக்கறது எம்புள்ள சார். இவரு எங்கயும் போவல. மத்திகிரியிலதான் இருக்காரு."

டாக்டர் காவியாவைப் பார்த்தார். காவியா சுவரைப் பார்த்துக்கொண்டாள். சிரித்துச் சிரித்து வயிறு நொந்த அந்த வார்த்தையை அவரிடம் எங்கே ஆரம்பித்து விளக்குவது? அதற்குப் பிறகு கோவிந்தப்பன் கண் திறக்கவில்லை. இன்று விடிகாலையில் உயிர் போனது.

மாமியாருக்கும் அவளுக்கும் காலையிலேயே முட்டிக்கொண்டது. பெற்றவன் போனது பிள்ளைக்குத் தெரியாமல் மண் போடுவதா, நாளைக்கு அவன் என் முகத்தில் முழிப்பானா, சொல்லிவிடு என்று முனிலட்சுமி ஒரே பிடியாக நின்றாள். சொன்னால் ஓடுவார் அத்தை, வெளியே சுடுகிறார்கள் என்று காவியா அழாத குறையாகச் சொல்லிப் பார்த்தாள். கிழவி கேட்பதாக இல்லை. அவன் கூப்பிட்டா போனை எங்கிட்ட குடு, நானே சொல்றன் என்று முடித்துவிட்டாள்.

மதியம் குளிப்பாட்டக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பெஞ்சில் கோவிந்தப்பனை உட்காரவைத்து, சுற்றிச் சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். மேளம் உச்சத்தில் இருந்தது. அப்போதுதான் காவியாவின் இடுப்பில் போன் அதிர்ந்தது.

அவள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். விஷயம் எல்லோருக்கும் தெரியும். மேளம் நின்றது. ஒப்பாரி வைத்தவர்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார்கள். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"காவியா, கேக்குதா? வண்டி கெடைச்சிருக்குது. பார்டர் தொறந்துட்டாங்களாம். எல்லாரும் கெளம்பறோம். நைனாகிட்ட குடு, அத்திப்பள்ளிக்குக் கெளம்பிட்டேன்னு நானே சொல்றன்."

"அவரு குளிக்கறாருங்க."

வாயில் வந்தது அதுதான். பொய்யும் இல்லை. மறைப்புக்குப் பின்னால் குடத்துத் தண்ணீர் சிமெண்ட் தரையில் விழும் சத்தம் கேட்டது.

"இந்நேரத்துலயா? தலைக்கா?"

"தலைக்குத்தாங்க."

"ஏன் இவ்ளோ அமைதியா இருக்குது? அங்கயும் கரண்ட் இல்லையா?"

அதற்குள் முனிலட்சுமி வந்து எதிரில் நின்று கையை நீட்டினாள். காவியா போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் கொடுக்கமாட்டேன் என்று சொல்ல அவள் யார்? பெற்றவள் கேட்கிறாள். கொடுத்துவிட்டு, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள்.

முனிலட்சுமி போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறைப்புச் சேலையையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அந்தப் பக்கம் மாதேஷ் அம்மா அம்மா என்று கூப்பிடுவது பந்தல் கால்வரை கேட்டது.

"சாப்ட்டியாடா?" என்றாள்.

பிஸ்கட்தான் என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். அவள் முகம் கோணியது. "சரி. பத்தரமா போ. ஓடாத, எல்லாரோடயும் சேந்து போ. நைனா உன்ன மொதல்ல அந்தாண்ட போவச் சொன்னாரு."

போனை மருமகளிடம் கொடுத்துவிட்டு, மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். மேளம் மறுபடி ஆரம்பித்தது.

தூக்கினார்கள். மகன் பிடிக்கவேண்டிய பானையைச் சந்தோஷ் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போனான். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். திரும்பி வந்து வீட்டைக் கழுவிவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டு, மாமியாரும் மருமகளும் ஈரத் தலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். போன் இருவருக்கும் நடுவில் தரையில் கிடந்தது. அவன் இருந்த அறையிலிருந்து எல்லைக்கு எவ்வளவு தூரம், வழியில் யார் யார் துப்பாக்கியோடு நிற்பார்கள் என்று காவியாவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஜூஜூவாடிதான். அந்த ரோட்டில் அவனைக் கண்ணுக்குள் நடத்திக் கூட்டிப்போனாள். ஒவ்வொரு லாரிக்கும் ஒதுங்கச் சொன்னாள். ஒரே நாளில் இரண்டு பேரைக் கொடுக்க இந்த வீட்டில் தெம்பில்லை என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

ஆண்கள் இடுகாட்டிலிருந்து திரும்பிக் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் மினுங்கியது.

ஒரு போட்டோ. பின்னால் பெரிய ஏரி. முன்னால் மாதேஷும் கூட இருந்த பையன்களும், தாடியும் அழுக்கு பனியனுமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். கீழே எழுதியிருந்தான்: தாண்டிட்டோம். நைனாகிட்ட காட்டு.

காவியா அப்போதுதான் அழுதாள். காலையிலிருந்து உள்ளே தள்ளித் தள்ளி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வந்தது. மாமாவுக்காகவா புருஷனுக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியாத அழுகை. முனிலட்சுமி போட்டோவை வாங்கி, மகன் முகத்தை மட்டும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இப்ப சொல்லிரலாம் அத்தை," என்றாள் காவியா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நீங்களே சொல்லுங்க."

காலையெல்லாம் சொல் சொல் என்று நின்றவள் தலையை ஆட்டினாள்.

"இரு. சாப்ட்டானான்னு கேளு. கேட்டப்பறம் அவனுக்குச் சோறு எறங்காது."

காவியா கேட்டு எழுதினாள். எழுதிக்கொண்டிருக்கிறான் என்று போன் காட்டியது. பிறகு இன்னொரு போட்டோ வந்தது. தட்டு நிறைய வெள்ளைச் சோறு, பக்கத்தில் பீன்ஸ் குழம்பு, வாழைக்காய் வறுவல். இப்பதான் வெச்சாங்க, சுடச்சுட இருக்கு என்று எழுதியிருந்தான்.

முனிலட்சுமி அந்தத் தட்டை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மெதுவா சாப்பிடச் சொல்லு," என்றாள்.

காவியா அதை எழுதி அனுப்பினாள். போனைத் தரையில் வைத்தார்கள். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.