பேரு வராதுல்லா

புளியரை சோதனைச்சாவடியில் கேரளாவுக்குப் போகும் லாரிகள் வரிசையாக நின்ற ஒரு காலையில்தான் எப்சிபா தாணுவைச் சந்தித்தாள். லாரி, பஸ் ஓட்டுகிறவர்களின் சிரமங்களை ஆராயும் குழுவில் அவளுக்கு ஆறு மாத வேலை. ஓட்டுநர்களிடம் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். பெரும்பாலானவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். தாணு மட்டும் இறங்கி வந்து, வண்டி நிழலில் உட்கார்ந்து பேசினார். வடகரைக்காரர், ஐம்பதை நெருங்கியவர். தூங்கவிடாமல் மூன்று நடை அடிக்கச் சொல்வதை, எடைக்கு மேல் கல் ஏற்றுவதை, போன மாதம் மலை வளைவில் கண் அசந்து தடுப்புச்சுவரில் உரசியதை, பன்றி குறுக்கே வந்ததாக முதலாளியிடம் சொல்லிச் சமாளித்ததை எல்லாம் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவள் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார்.

"என் பேரு வராதுல்லா?"

"வராது அண்ணாச்சி. பேரு எழுதவே மாட்டோம்."

அவள் சொன்னபடியே பெயர் எங்கும் வரவில்லை. தென்காசியில் ஒரு மண்டபத்தில் கூட்டம் நடந்தது. லாரி உரிமையாளர்கள் முன்வரிசையில் இருக்க, தாணு சொன்னதை அப்படியே வாசித்தாள். வெறும் எழுத்தை யார் பார்ப்பார்கள் என்று புளியரையில் அன்று தாணுவின் லாரியை எடுத்த ஒரு படத்தை முந்தின நாள் அவளே தேடிச் சேர்த்திருந்தாள். நசுங்கிய பம்பர், அதன் கீழே வண்டி எண். கை தட்டினார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

டீ குடிக்கும்போது முன்வரிசையில் இருந்த ஒருவர் பக்கத்தில் வந்தார்.

"நல்லா பேசுனம்மா. அது நம்ம வண்டிதான். பன்னின்னுல்லா எங்கிட்ட சொன்னான்."

அவர் சிரித்தார். படம் வேறு, பேசிய ஆள் வேறு என்று அப்போதே அவள் சொல்லியிருக்கலாம். குழுத் தலைவருக்குத் தன் தவறு தெரிந்துவிடுமே என்ற பயம்தான் முதலில் வந்தது. தாணுவின் நினைப்பு வீட்டுக்குப் போகும் வழியில்தான் வந்தது.

பத்து நாள் கழித்து மறுபடி புளியரைக்குப் போனபோது, தாணுவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று இன்னொரு ஓட்டுநர் சொன்னார். வேறு முதலாளிகளும் சேர்க்கவில்லையாம். இப்போது குற்றாலத்தில், சீசனுக்கு வருகிற வண்டிகளுக்கு இடம் காட்டும் வேலையாம்.

ஐந்தருவிப் பக்கம் சாரலில் நனைந்தபடி விசில் ஊதிக்கொண்டிருந்தார் தாணு. அவளைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"அண்ணாச்சி, அந்தப் படத்த நான்தான் போட்டேன்."

"தெரியும்மா. மொதலாளி போன்ல காட்டுனாரு." விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார். "நீங்க பொய் ஒண்ணும் சொல்லலயே. எல்லாம் நான் சொன்னதுதான்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். முதலாளியிடம் போய்ப் பேசுவதாகத் தடுமாறிச் சொன்னாள்.

"வேண்டாம்மா. இனிமே எங்கயும் என்னப் பத்திப் பேசாதீய. அது போதும்."

சுற்றுலா பஸ் ஒன்று பின்னோக்கி வந்தது. அவர் அவளை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, கையை உயர்த்திக்கொண்டு அதன் பின்னால் ஓடினார். பஸ் சரியாக ஒதுங்கி நின்றது. இளவயது ஓட்டுநர் சாவியைச் சுழற்றியபடி குதித்து இறங்கி அருவிப் பக்கம் நடந்தான். தாணு திறந்து கிடந்த கதவைச் சாத்தப் போனார். சாத்தாமல், ஒரு கையைக் கதவில் வைத்தபடி, காலியான இருக்கையைப் பார்த்துக்கொண்டு மழையில் நின்றார்.